திருகோணமலைக் கடலில் எண்ணெய் தோண்டினால் மேடையை எதில் ஊன்றுவார்கள்?

நிலாவெளிக்கரை | செவ்வாய், இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்காக ஒரு கேள்வி. அவர் நாற்பது வருடமாக நிலாவெளியில் கடற்றொழில் செய்கிறார். போன கிழமை வாடியில் வலை பொத்திக்கொண்டிருந்தபோது, கிழக்குக் கடலில் எண்ணெய் தேடுவது பற்றிப் பேச்சு வந்தது. பம்பாய்க் கடலில் நிற்பதுபோல இரும்பு மேடைகளைப் புறாத்தீவுக்கு அப்பால் வரிசையாக நட்டுவிடுவார்கள், நமக்கு வலை போட இடமே இருக்காது என்றார் ஒருவர். மேடைக் கால்களைச் சுற்றி மீன் கூடும், அது நமக்கு நல்லதுதான் என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் சத்தம் போட்டு ஓய்ந்த பிறகு அப்பா என்னிடம் கேட்டார்: "புறாத்தீவைத் தாண்டி வெளியில போனால் எங்கட கயிறு தரை தட்டாது. அவ்வளவு பெரிய இரும்பை எதில ஊன்றுவாங்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ரிக்கில் வேலை செய்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சொல்லுங்கள், அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.

சீனக்குடா_ட்ரில்லர் | செவ்வாய், இரவு 10.15

தம்பி, அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. நான் 19 வருடம் அரபு நாடுகளின் வளைகுடாக் கடலில் ரிக்கில் நின்றவன். டெக்கில் சாமான் இழுக்கிற ரஸ்டபவுட்டாகப் போய், கிணறு துளைக்கிற ட்ரில்லருக்கு அடுத்த ஆளான அசிஸ்டன்ட் ட்ரில்லராக வேலையை முடித்துக்கொண்டு ஊர் வந்தேன். அப்பாவுக்கு வாசிப்பீர்கள் என்பதால் ஆழத்தைப் பாகக் கணக்கிலும் எழுதுகிறேன், ஒரு பாகம் ஆறடி.

வளைகுடாக் கடல் சராசரியாக 35 மீற்றர் ஆழம்தான். 20 பாகம்கூட வராது. அதனால் அங்கே ஜாக்கப் ரிக் போதும். முக்கோணமான ஒரு பெரிய இரும்புத் தட்டு, அதற்கு மூன்று கால். இழுவைக் கப்பல் இழுத்து வரும்போது மூன்று கால்களும் மேலே தூக்கியிருக்கும். தூரத்தில் பார்த்தால் மூன்று கோபுரம் சேர்ந்து மிதந்து வருவதுபோலத் தெரியும். இடத்துக்கு வந்ததும் பல்சக்கரத்தால் கால்களை இறக்குவார்கள். கால் தரையில் பட்ட பிறகும் இறக்கிக்கொண்டே போனால் தட்டு தண்ணீரை விட்டு மேலே எழும்பும்.

அப்படி எழும்புகிற நாள்தான் ரிக்கில் எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கிற நாள். தட்டைக் கொஞ்சம் மட்டும் தூக்கிவிட்டு, அதிலுள்ள தாங்கிகளில் கடல் தண்ணீரை நிரப்பிப் பாரம் ஏற்றுவார்கள். அடியில் இருக்கும் மண் இந்தப் பாரத்தைத் தாங்குகிறதா என்று மணிக்கணக்காகப் பார்ப்பார்கள். மேலே கெட்டி மண்ணும் அதன் கீழே களியும் இருந்தால், ஒரு கால் மட்டும் திடீரென்று குத்திக்கொண்டு இறங்கிவிடும். நான் நின்ற ரிக் ஒன்றில் ஒரு தடவை ஒரு கால் ஒரு முழம் இறங்கியது. மெஸ்ஸில் மேசையில் வைத்திருந்த தேநீர்க் கோப்பை மேசை நீளத்துக்கும் வழுக்கிக்கொண்டு போய் விழுந்து உடைந்தது. யாரும் அதைப் பொறுக்கப் போகவில்லை. அடுத்தது வருமா என்று காத்துக்கொண்டு நின்றோம். வரவில்லை.

இந்த ஜாக்கப் எல்லாம் 120 மீற்றர், மிஞ்சினால் 150 மீற்றர் வரைக்கும்தான். 65 முதல் 80 பாகம். பம்பாய்க் கடல் எண்ணெய் வயல் கரையிலிருந்து 160 கிலோமீற்றர் தள்ளி இருந்தாலும் ஆழம் சுமார் 75 மீற்றர்தான், 40 பாகம். இந்தியாவின் மேற்குக் கரையில் கடலடித் தரை அவ்வளவு தூரத்துக்குத் தட்டையாகப் போகிறது. 1974இல் சாகர் சாம்ராட் என்ற ஜாக்கப் ரிக் அங்கே எண்ணெயைக் கண்டது. பிறகு இரும்புச் சட்டங்களை இறக்கி, ஆணியடிக்கிற மாதிரிக் குழாய்களைக் கடலடியில் அடித்து, நிலையான மேடைகளைக் கட்டினார்கள். அந்த மாதிரி ஊன்றிய மேடைகளில் ஆழமானதென்றால் மெக்சிக்கோ வளைகுடாவில் 1988இல் நிறுத்திய புல்விங்கிள். 412 மீற்றர், 225 பாகம். அதற்கு மேல் இரும்பை அடுக்கிக்கொண்டு போவதில் பலன் இல்லை.

நம்முடைய கடல் எவ்வளவு என்று படித்தவர்கள் யாராவது சொன்னால் மிச்சத்தை எழுதுகிறேன்.

மூதூர்_புவியியல் | செவ்வாய், இரவு 11.05

நான் புவியியல் படிப்பிக்கிறவன், அதனால் இது என் பங்கு.

இலங்கையைச் சுற்றியுள்ள கண்ட மேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழங்குறைந்த கடலடித் தரை, ஒடுங்கியது. திருமலைப் பக்கம் இன்னும் ஒடுக்கம். அதோடு கொட்டியாரக் குடாவின் வாயிலேயே ஒரு பெரிய கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. துறைமுகத்துக்குள் அவ்வளவு பெரிய கப்பல்கள் வர முடிவதும், திமிங்கிலங்களைக் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் பார்க்க முடிவதும் இந்தப் பள்ளத்தாக்கு இருப்பதால்தான். வெளியே போகப் போக 3,000 மீற்றருக்கு மேல் இறங்குகிறது. அதாவது 1,600 பாகம். உங்கள் அப்பாவின் கயிறு தரை தட்டாததில் ஆச்சரியமே இல்லை.

பாக்கு நீரிணைப் பக்கம் நேர்மாறு, மிக ஆழங்குறைந்த கடல். அதனால்தான் இந்த நாட்டில் எண்ணெய் தேடல் வடக்கிலும் வடமேற்கிலும் தொடங்கியது. 1970களில் சோவியத் நிபுணர்களின் உதவியோடு மன்னார் பேசாலையில் கிணறு தோண்டினார்கள், கிடைக்கவில்லை. 1981இல் வடக்குக் கடலில் தோண்டியதும் வெறுங்கிணறு. பிறகு 2011இல் மன்னார் வளைகுடாவில் கெய்ர்ன் நிறுவனம் தோண்டியபோதுதான் டொராடோ, பராகுடா என்ற இரண்டு கிணறுகளில் இயற்கை வாயு கண்டார்கள். அங்கே கடல் ஆழம் 1,300 மீற்றருக்கு மேல். 2015இல் அந்த நிறுவனம் விட்டுவிட்டுப் போய்விட்டது. கிழக்குக் கடலில் ஜேஎஸ்-5, ஜேஎஸ்-6 என்று இரண்டு பெரிய பகுதிகளை வகுத்து, 2016இல் பிரான்சின் டோட்டல் நிறுவனத்தோடு கூட்டு ஆய்வுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அது ஆய்வுக்கான ஒப்பந்தம். கிணறு தோண்டுவது வேறு கதை.

சீனக்குடா_ட்ரில்லர் | செவ்வாய், இரவு 11.50

நன்றி சேர். அப்படியென்றால் தம்பி, அப்பாவிடம் சொல்லுங்கள்: ஊன்ற மாட்டார்கள். நம்ம வெளிக்கடலில் ஊன்றுகிற மேடைக்கு வழியே இல்லை. தோண்டுவதென்றால் துளையிடும் கப்பலோ அதுபோல மிதக்கிற ரிக்கோதான் வரும்.

2011இல் மன்னாருக்கு வந்தது ஜப்பானின் சிக்யூ. விஞ்ஞான ஆய்வுக்குக் கட்டிய கப்பல், அதை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நீளம் 210 மீற்றர். நடுவில் இருக்கும் கோபுரத்தின் உச்சி தண்ணீரிலிருந்து 120 மீற்றர் உயரம். அந்த ஆழத்தில் இப்படிப்பட்ட கப்பல்கள் நங்கூரத்தை நம்பி நிற்பதில்லை. அடியில் பல திசைக்கும் திரும்புகிற விசிறிகள் இருக்கும். செயற்கைக்கோள் சொல்கிற இடத்தை விட்டு நகராமல் கணினி அவற்றை இடைவிடாமல் சுழற்றிக்கொண்டே இருக்கும். கப்பலிலிருந்து அரை மீற்றர் அகலமுள்ள குழாய் ஒன்று கடலடி வரைக்கும் தொங்கும், அதை ரைசர் என்போம். அதன் அடியில், கிணற்றின் வாயில் பிஓபி உட்கார்ந்திருக்கும். நாலு மாடி உயர இரும்புப் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணறு சீறினால் அதுதான் பூட்ட வேண்டும்.

நமக்கெல்லாம் விஷயம் அந்தப் பூட்டில்தான் இருக்கிறது. அதை நாளைக்கு எழுதுகிறேன்.

ஓர்ஸ்ஹில்_வாசி | புதன், காலை 7.20

எனக்கு இந்தப் பயமெல்லாம் விளங்கவில்லை. 2022இல் நான் பெற்றோலுக்காக இரண்டு இரவு மோட்டார் சைக்கிளிலேயே படுத்தவன். என் மாமி டயலிசிஸ் செய்யப் போக ஓட்டோ கிடைக்காமல் அழுதவர். 99 எண்ணெய்க் குதங்கள் சீனக்குடாவில் நிற்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டே வரிசையில் நின்றோம். நம் கடலில் எண்ணெய் இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். ஆழம், திமிங்கிலம் என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தால் இன்னும் ஐம்பது வருடம் வரிசையில்தான் நிற்போம்.

மூதூர்_புவியியல் | புதன், காலை 8.00

உங்கள் மாமியின் கண்ணீர் எங்கள் வீட்டிலும் இருந்தது. ஆனால் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மன்னாரில் கண்டது வாயு. அது மின்சாரத்துக்கு உதவும், மோட்டார் சைக்கிளுக்கு நேரடியாக உதவாது. மசகு எண்ணெயே கிடைத்தாலும் அதைப் பெற்றோலாக்கச் சுத்திகரிப்பு ஆலை வேண்டும். நம்மிடம் இருப்பது 1969இல் தொடங்கிய சபுகஸ்கந்த ஒன்றுதான், அதுவும் ஈரானிய எண்ணெயை மனதில் வைத்துக் கட்டியது. எந்த எண்ணெயையும் கொண்டுபோய் அதில் ஊற்றிவிட முடியாது. 2022இல் நமக்கு இல்லாமல் போனது டொலர். கடலில் கண்டுபிடித்த நாளிலிருந்து முதல் சொட்டு வரப் பல வருடமாகும். மன்னார் வாயு கண்டு இத்தனை வருடமாகியும் கரைக்கு வரவில்லையே.

அந்தக் குதங்கள் பற்றி ஒரு சொல். வெள்ளைக்காரன் கடற்படைக்காகக் கட்டியவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் குண்டு போட வந்தபோது ஒரு விமானம் ஒரு தாங்கியின் மேலேயே விழுந்து, அது நாட்கணக்காக எரிந்தது. 2022 ஜனவரியில் செய்த ஒப்பந்தப்படி 24 தாங்கிகள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் ஒயிலின் கிளையான லங்கா ஐஓசிக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. எண்ணெய் வைக்க இடம் இருப்பதும் எண்ணெய் இருப்பதும் ஒன்றல்ல.

ஓர்ஸ்ஹில்_வாசி | புதன், காலை 8.15

சரி சேர், டொலர் விஷயம் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வாயு விற்றாலும் டொலர்தானே வரும். எடுக்க வேண்டும் என்ற என் நிலைப்பாடு மாறவில்லை.

கிண்ணியா_நானா | புதன், பகல் 1.30

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் இப்போது கத்தாரில் இருந்து எழுதுகிறேன், 28 நாள் கடலில், 28 நாள் கரையில். ஊர்ப் பெடியன்கள் வேலை பற்றித் தனியே கேட்டு எழுதுகிறார்கள். இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் முகவர்கள். 2009இல் ஒருவர் "ஒஃப்ஷோர் வேலை" என்று என்னிடம் இரண்டரை இலட்சம் வாங்கினார். விமானம் இறங்கியதும் கொண்டுபோய் விட்டது கட்டட வேலைத் தளத்தில். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் கம்பி கட்டினேன். உண்மையான கடல் வேலைக்கு ஆள் எடுக்கிறவன் முதலில் கேட்பது உன் பயிற்சிச் சான்றிதழை, பிறகு மருத்துவச் சான்றிதழை. அது இரண்டையும் கேட்காமல் காசை மட்டும் கேட்டால் எழும்பி வந்துவிடு தம்பி.

பயிற்சி மூன்று நாள். அதில் ஹெலிகொப்டர் தண்ணீரில் விழுந்தால் தப்புகிற பயிற்சிதான் ஆட்களை மடக்குவது. நீச்சல் குளத்துக்கு மேலே ஹெலிகொப்டர் மாதிரி ஒரு கூட்டைத் தொங்கவிட்டு, அதற்குள் பெல்ட் போட்டு உட்கார வைப்பார்கள். ஒரு கை ஜன்னல் விளிம்பில், மற்றக் கை பெல்ட் பூட்டில். கூடு தண்ணீரில் இறங்கித் தலைகீழாகப் புரளும். மூக்குக்குள் தண்ணீர் ஏறும், மேல் எது கீழ் எது என்று தெரியாது. அவசரப்பட்டு முதலில் பெல்ட்டைக் கழற்றினால் மிதந்து போய்க் கூரையில் ஒட்டிக்கொள்வாய், ஜன்னல் எங்கே என்று கை தேடும். புரண்டு நிற்கும் வரை மனதுக்குள் எண்ணி, ஜன்னலைத் தள்ளி, ஒரு கை விளிம்பை விடாமல், அதற்குப் பிறகுதான் பெல்ட். என்னோடு வந்தவர்களில் நல்ல நீச்சல்காரன் ஒருவன் தோற்றான். நீந்தத் தெரியாத ஒருவன் சொன்னதைச் சொன்ன ஒழுங்கில் செய்து வெளியே வந்தான்.

இன்னொன்று, பெர்மிட். ஒரு நட்டைக் கழற்றுவதென்றாலும் எழுத்தில் அனுமதி வேண்டும். புதுப் பெடியனுக்கு அது தொல்லையாகத் தெரியும். 1988 ஜூலை 6ஆம் திகதி வட கடலில் பைப்பர் அல்ஃபா மேடையில் 167 பேர் செத்தார்கள். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைத் திருத்தக் கழற்றியிருந்தார்கள், அந்தத் தாள் இரவு ஷிஃப்ட்டின் கைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. மற்ற பம்ப் நின்றதும் அவர்கள் இதை ஓட விட்டார்கள். ஷிஃப்ட் மாறும்போது என் பக்கம் வருகிறவனிடம் நான் ஒவ்வொரு தாளையும் கையால் தொட்டுக் காட்டித்தான் கொடுப்பேன்.

பாலையூற்று_பெடியன் | புதன், பகல் 2.10

நானா, மிக்க நன்றி. நான் தொழில்நுட்பக் கல்லூரியில் வெல்டிங் முடித்தவன். ரிக்கில் வெல்டருக்கு இடம் உண்டா? நம்ம கடலில் வந்தால் ஊர்ப் பெடியன்களை எடுப்பார்களா?

கிண்ணியா_நானா | புதன், பகல் 2.40

வெல்டருக்கு எப்போதும் இடம் உண்டு. உள்ளூர் வேலை விஷயத்தில் நிறைய எதிர்பார்க்காதே. துளையிடும் கப்பல் தன் ஆட்களோடுதான் வரும், சில மாதத்தில் போய்விடும். ஊருக்கு வருவது கரை வேலை: சப்ளைக் கப்பலுக்குச் சாமான் ஏற்றுவது, தோண்டும்போது கிணற்றுக்குள் விடுகிற சேற்றுக்கான தூள், குழாய், டீசல், சாப்பாடு. அதற்கு நம்ம துறைமுகம் அருமையான இடம். சான்றிதழ் உள்ள வெல்டர் ஐம்பது பேர் ஊரில் இருந்தால் எடுக்காமல் இருக்க முடியாது. ஐந்து பேர் இருந்தால் வெளியில் இருந்து கொண்டுவருவான்.

திமிங்கில_அக்கா | புதன், மாலை 5.30

நான் உப்புவெளியில் படகுச் சுற்றுலா செய்கிறேன், மார்ச் முதல் ஓகஸ்ட் வரை. தோண்டுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள், தேடுவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஆய்வுக் கப்பல் கிலோமீற்றர் கணக்கில் கேபிள்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை அமுக்கிய காற்றைத் தண்ணீருக்குள் வெடிக்க விடும். அந்த ஒலி கடலடிக்குக் கீழே போய்ப் பாறையில் பட்டுத் திரும்பி வருவதைப் பதிந்துதான் எண்ணெய் எங்கே இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். இரவு பகலாக, கிழமைக்கணக்கில். நம்ம பள்ளத்தாக்கில் வருகிற பெருந்தலைத் திமிங்கிலம் இருட்டான ஆழத்தில் ஒலியை வைத்துத்தான் இரை தேடுகிறது. படகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தண்ணீருக்குள் ஒலிவாங்கியை விட்டுக் கேட்டிருக்கிறேன். டிக், டிக், டிக் என்று கதவு தட்டுகிற மாதிரி, இடைவெளி விட்டு விட்டு வரும். அதற்கு நடுவில் இந்த வெடியை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. எந்த மாதத்தில் ஆய்வு செய்வார்கள் என்பதையாவது நம்மிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

சீனக்குடா_ட்ரில்லர் | புதன், இரவு 9.30

அக்கா சொல்வது நியாயம். திமிங்கிலம் இல்லாத மாதம் எது என்று கேட்டால் அக்கா போன்றவர்கள்தான் சொல்ல முடியும். ஆனால் அந்த மாதங்களில் இங்கே வாடைக்காற்று, கடல் கொந்தளிப்பு, புயல். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் குச்சவெளிப் பக்கத்தால்தானே கரையேறியது. அதனால் ஆய்வுக்காரர்கள் விரும்புவதும் அக்காவின் மாதங்களைத்தான். அந்த இழுபறி கட்டாயம் வரும். இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பூட்டுக்கு வருகிறேன்.

கிணறு தோண்டும்போது குழாய்க்குள்ளால் மட் என்கிற பாரமான சேற்றைக் கீழே அனுப்பிக்கொண்டே இருப்போம். தண்ணீரோ எண்ணெயோ, அதில் களியும் பாரைட் என்ற கனமான தூளும் கலந்தது. அது குழாயின் நுனியில் பாறையை அரைக்கிற பிட் என்ற கருவியைக் குளிர வைத்து, அரைபட்ட கல்லை அள்ளிக்கொண்டு மேலே வரும். அதைவிடப் பெரிய வேலை அதன் பாரம். கீழே பாறைக்குள் அடைபட்டிருக்கும் வாயு மேலே வராமல் அந்தச் சேற்றுத் தூண்தான் அமுக்கிப் பிடித்திருக்கிறது. தூணின் பாரம் குறைந்தால் வாயு உள்ளே வரும். அதைக் கிக் என்போம்.

கிக்கைக் கண்டுபிடிக்க மீற்றர்கள் உண்டு. ஆனாலும் சந்தேகம் வந்தால் பழைய முறைதான். பம்பை நிறுத்திவிட்டு, கிணற்றுக்கு மேலுள்ள வேலைத் தளத்தில் குனிந்து, கிணற்றுக்குள் ரோர்ச் அடித்துப் பார்ப்போம். பம்ப் நின்ற பிறகு சேறு குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். ஒரு இரவு, எனக்கு அப்போது 31 வயது, ரோர்ச் வெளிச்சத்தில் அந்தச் சேறு மெல்ல, மிக மெல்ல மேலே வருவதைப் பார்த்தேன். கொதிக்கப் போகிற பால் விளிம்புக்கு வருகிற மாதிரி. யாரும் தள்ளவில்லை, தானாக வருகிறது. கையைத் தூக்கினேன். எங்கள் ட்ரில்லர் ஒரு மலையாளி அண்ணை. வேலை ஆறு நாள் பிந்திப் போயிருந்தது, நிறுத்தாதே என்று பகலில் மேலிடம் கத்தியிருந்தது. அவர் யாரிடமும் கேட்கவில்லை, பிஓபியை மூடினார். அமுக்கமானியின் முள் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே ஏறியது. வாயுவை வெளியே எடுத்துக் கிணற்றை அடக்க இரண்டு நாள் பிடித்தது. ரிக்கில் நாங்கள் எண்பது பேர். அடுத்த முறை நான் திரும்பிப் போனபோது அந்த அண்ணையை வேலைக்கு எடுத்திருக்கவில்லை. காரணம் ஒருவரும் சொல்லவில்லை.

2010 ஏப்ரல் 20ஆம் திகதி மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கில் இதே கிக்தான். கிணற்றை முடித்துவிட்டுப் போக ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். பாரமான சேற்றை எடுத்துவிட்டுக் கடல் தண்ணீரை நிரப்பினார்கள். அடியில் போட்ட சீமெந்து பிடிக்கவில்லை. அமுக்கச் சோதனை அதைக் காட்டியது, ஆனால் பிழையாக வாசித்தார்கள். பிஓபியில் குழாயையே வெட்டி மூடுகிற கத்தி உண்டு. உள்ளே குழாய் வளைந்து ஓரத்தில் போய் நின்றதால் அது முழுதாக வெட்டவில்லை. 11 பேர் போய்ச் சேர்ந்தார்கள். எண்ணெய் 87 நாள் ஓடியது. அமெரிக்க அரசின் கணக்கில் 49 இலட்சம் பீப்பாய். கடல் ஆழம் அங்கே சுமார் 1,500 மீற்றர், 820 பாகம். மனிதன் இறங்க முடியாத ஆழம், எல்லாம் ரோபோவால்தான். ஆழங்குறைந்த கடலில் என்றால் கிணற்றின் வாயே மேடையில் நம் கண் முன்னால் இருக்கும். நம்ம கடலில் தோண்டினால் அந்த 820 பாகக் கதைதான்.

கடைசியில் ஜூலை 15ஆம் திகதி அதை அடக்கியது புதிதாகச் செய்த ஒரு மூடி. கிணற்று வாயில் கொண்டுபோய் உட்கார வைத்து வால்வுகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். அதற்குப் பிறகு அப்படிப்பட்ட மூடிகளை உலகில் சில இடங்களில் ஆயத்தமாக வைத்திருக்கிறார்கள். நோர்வே, பிரேசில், தென்னாபிரிக்கா, சிங்கப்பூர். நமக்குக் கிட்ட சிங்கப்பூர். அங்கிருந்து கப்பலில் ஏற்றிக்கொண்டுவரப் பயணம் மட்டுமே ஐந்தாறு நாள். ஏற்ற, இறக்க, பொருத்த வேறு நாள்.

எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வீடு அந்தக் காசில் கட்டியது. உரிமத்தில் கையெழுத்துப் போடும் முன் ஊர் கேட்க வேண்டியது எத்தனை வீதம் பங்கு என்பதை மட்டும் அல்ல. மூடி எங்கே இருக்கிறது, எத்தனை நாளில் வரும், அதுவரை யார் என்ன செய்வார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

சங்கமன்கண்டி_கரையோரம் | புதன், இரவு 10.40

நான் அம்பாறைக் கரை. 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி நியூ டயமண்ட் கப்பல் எரிந்தது எங்கள் கடலில். 2 இலட்சத்து 70 ஆயிரம் தொன் மசகு எண்ணெயோடு போன கப்பல். எங்கள் கடற்படை, விமானப்படை, இந்தியக் கப்பல்கள் எல்லாம் சேர்ந்து நாட்கணக்காகத் தண்ணீர் அடித்தார்கள். அணைந்தது என்றார்கள், திரும்பவும் பற்றியது. நல்ல காலம், மசகு எண்ணெய்த் தாங்கிகள் உடையவில்லை. அந்த நாட்களில் நாங்கள் கரையில் நின்று காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தபடியே இருந்தோம். எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. எண்ணெய் கரைக்கு வந்தால் வள்ளத்தை எங்கே ஏற்றுவது, யாரைக் கூப்பிடுவது, ஒன்றும் தெரியாது. அடுத்த வருடம் கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் எரிந்தபோது கிழக்கில் பிடித்த மீனைக்கூட ஆட்கள் வாங்கப் பயந்தார்கள். ட்ரில்லர் அண்ணை கேட்கச் சொல்கிற கேள்விகளை நாங்களும் கேட்க வேண்டும்.

ஓர்ஸ்ஹில்_வாசி | வியாழன், காலை 6.50

இரவு முழுக்க வாசித்தேன். எடுக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கேள்விகளுக்குப் பதில் வாங்கிய பிறகு.

சீனக்குடா_ட்ரில்லர் | வியாழன், காலை 7.30

தம்பி கேட்ட மற்ற விஷயத்தை மறந்துவிட்டேன். மீன் கூடுமா என்றால், கூடும். ஊன்றிய மேடையின் கால்களில் சிப்பி பிடித்து, பாசி பிடித்து, பாரை மீனும் அறக்குளாவும் சுற்றிக்கொண்டே நிற்கும். ஆனால் சர்வதேசச் சட்டப்படி மேடையைச் சுற்றி 500 மீற்றர் வரை பாதுகாப்பு வலயம் வைக்கலாம். அதற்குள் வள்ளம் போக விடமாட்டார்கள். 2005இல் பம்பாய்க் கடலில் மேடைகளுக்கு உதவி வேலை செய்கிற கப்பலே மேடையில் மோதிக் குழாயை உடைத்து, இரண்டு மணித்தியாலத்தில் மேடை எரிந்து முடிந்தது, 22 பேர். அதனால் கிட்டவே விடமாட்டார்கள், விடவும் கூடாது. இங்கே கப்பல்தான் என்பதால் அதுவும் சில மாதம்தான். இரவு வெளிச்சத்துக்குக் கணவாயும் கோலாவும் வரும், நாங்கள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருப்போம்.

நிலாவெளிக்கரை | வியாழன், இரவு 9.05

எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நேற்று இரவு பாதி, இன்று பின்னேரம் வாடியில் மிச்சம். இன்றைக்குக் கேட்கப் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். மலையாளி அண்ணை இடம் வந்தபோது ஒருவரும் பேசவில்லை. திமிங்கிலச் சத்தத்தைத் தாங்களும் வள்ளத்தின் அடிப்பலகையில் காது வைத்துக் கேட்டிருப்பதாக இரண்டு பேர் சொன்னார்கள், அக்காவிடம் சொல்லச் சொன்னார்கள்.

அப்பா கடைசியில் ஒன்று கேட்டார், அப்படியே எழுதுகிறேன் அண்ணை: "அந்த மூடியை ஏன் சிங்கப்பூரில வைக்க வேணும்? இவ்வளவு பெரிய துறைமுகம் இங்க இருக்கு. சீனக்குடாவில அதுக்கு ஒரு கொட்டகை போட ஏலாதா?"

சீனக்குடா_ட்ரில்லர் | வியாழன், இரவு 9.40

ஏலும். மூடி பல தொன் பாரம், பெரிய விலை, பராமரிக்க ஆட்கள் வேண்டும். அதனால் கொம்பனி தானாகச் செய்யாது. ஆனால் உரிமத்தில் நிபந்தனையாகப் போட்டால் செய்துதான் ஆக வேண்டும். 19 வருடம் அந்த வேலையில் இருந்தும் எனக்கு இது தோன்றவில்லை. அப்பாவின் கேள்வியை அவர் பேசிய சொல்லிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள். கருத்துக் கேட்கிற கூட்டம் எப்போது வைத்தாலும் அவரையே எழும்பிக் கேட்கச் சொல்லுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன்.